தவணையும் தவணை தப்பியவனும்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, குறித்த தவணைக்குக் கடன் கொடுத்து வாங்குவோர் அதனை எழுதிக்கொள்ள வேண்டும் என்றும், எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும் என்றும், வாசகத்தைச் சொல்லும் பொறுப்பு கடன்பட்டவனுக்கே உரியது என்றும், சாட்சிகள் வேண்டும் என்றும், கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வடையலாகாது என்றும் விரித்துரைக்கின்றது. கைக்குக் கை மாறும் வணிகத்திற்கு மட்டும் எழுத்திலிருந்து விலக்கு உண்டு. பொருள் இன்றும் பணம் நாளையும் என்று பிரிந்துவிட்ட இடத்தில்தான் மனிதனின் நினைவும் நேர்மையும் சோதனைக்கு உள்ளாகின்றன என்பதை இவ்வசனத்தின் ஒவ்வொரு விதியும் உணர்த்தி நிற்கக் காண்கிறோம்.

இந்தப் பிரிவு நம் காலத்தில் புதியதொரு வடிவம் பெற்றிருக்கின்றது. பெருவணிக நிறுவனமொன்றின் கடையிலோ இணையத்தளத்திலோ ஒருவர் பொருளைத் தேர்ந்து விலை செலுத்த முற்படும்போது, இப்போது வாங்கிப் பிறகு செலுத்தலாம் என்னும் அழைப்பு அவர் முன் வந்து நிற்கின்றது. விலையை நான்காகப் பகுத்துத் தரலாம்; வட்டி இல்லை; ஒப்புதல் சில நொடிகளில் கிடைக்கும். அமெரிக்காவின் வால்மார்ட் முதல் ரியாத், துபாய் நகரங்களின் அங்காடிகள் வரை இம்முறை பரவிவிட்டது. வட்டி இல்லை என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முஸ்லிம் குடும்பங்கள் பல இதனைத் தயக்கமின்றி ஏற்கின்றன. வேறு சிலர், இது வேறு பெயரிலான ரிபாவே என்று ஒதுக்குகின்றனர். இரு சாராரும் பார்க்க மறந்த ஒரு நாள் இந்த ஏற்பாட்டினுள் இருக்கின்றது. தவணை வந்தும் பணம் வராத நாள் அது. தவணை வணிகத்தின் வரலாற்றை அந்த ஒரு நாளை முன்வைத்துப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதீனாவின் கடைவீதி

தவணைக்கு வாங்குவது இஸ்லாத்தில் இழிவான செயலாக ஒருபோதும் கருதப்படவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு யூதரிடம் உணவுப் பொருளைத் தவணைக்கு வாங்கித் தம் இரும்புக் கவசத்தை அடமானமாக வைத்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கின்றார்கள். அவர்கள் மறைந்தபோது 30 ஸாஉ வாற்கோதுமைக்காக அக்கவசம் அடமானத்திலேயே இருந்தது என்பதும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி. அரேபியத் தீபகற்பத்தின் பெரும்பகுதி தம் ஆணைக்கு உட்பட்டிருந்த காலத்தில், இறைத்தூதர் தம் இல்லத்தின் உணவுக்கு ஓர் அண்டை அயலாரிடம் கடன் சொல்லி வாங்கினார்கள். அதற்கு ஈடும் வைத்தார்கள். விற்றவருக்கு நம்பிக்கை, வாங்கியவருக்கு அவகாசம். ஒப்பந்தம் அவ்வளவே.

பல தவணைகளாகப் பகுத்துச் செலுத்தும் முறையும் அங்கே அறியப்பட்டிருந்தது. அடிமையாயிருந்த பரீரா (ரலி) தம் விடுதலைக்காக உரிமையாளர்களிடம் 9 ஊக்கியா வெள்ளிக்கு உடன்படிக்கை செய்துகொண்டார். ஆண்டுக்கு ஓர் ஊக்கியா வீதம் செலுத்த வேண்டும். உதவி நாடி அவர் ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்தபோது, முழுத் தொகையையும் ஒரே தடவையில் தந்துவிட அன்னையார் முன்வந்தார்கள். பிற்காலச் சட்ட அறிஞர்கள் தவணை முறைக்கு முன்னுதாரணமாக எடுத்துக்காட்டும் நிகழ்ச்சிகளுள் இது முக்கியமானது. அடிமைத்தளையிலிருந்து மீளும் வழியாகத் தவணை இங்கே அமைந்திருந்தது என்பதையும் நாம் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும்.

அக்காலத்தில் தவணை மனிதனை அடிமையாக்கும் வழியாகவும் இருந்தது. அறியாமைக் காலத்து ரிபா எவ்வாறு இயங்கியது என்பதை இமாம் மாலிக் தம் முவத்தாவில் ஸைத் இப்னு அஸ்லம் வாயிலாகப் பதிவு செய்கின்றார். கடனுக்குரிய தவணை வந்ததும் கொடுத்தவன் வந்து, இப்போது அடைக்கப்போகிறாயா அல்லது கூட்டித் தரப்போகிறாயா என்று கேட்பான். அடைக்க இயலாதவனுக்குத் தொகை கூட்டப்படும்; தவணை தள்ளிப் போடப்படும். இந்த விவரிப்பில் ரிபா கடன் பிறந்த நாளில் தோன்றவில்லை. கடன் தவறிய நாளில் தோன்றுகின்றது. இயலாமையின் மீது விலை வைக்கப்படும் இடமே அதன் பிறப்பிடம்.

அந்த இடத்திற்கு இறைவேதம் தந்த மறுமொழி 280ஆம் வசனத்தில் உள்ளது. கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் அவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் தரப்பட வேண்டும். கடனையே தர்மமாக விட்டுவிடுவது அதனினும் சிறந்தது. இயலாதவனுக்கு இவ்வாறு அவகாசம் உரிமையாக்கப்பட்டது. அதே வேளையில், வசதி படைத்தவன் கடனைத் தள்ளிப்போடுவது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அதே நபிமொழியின் தொடர்ச்சியில், ஒருவருக்குரிய கடன் வசதியுள்ள இன்னொருவரின் பொறுப்புக்கு மாற்றப்பட்டால் அதனை ஏற்றுக்கொள்ளுமாறும் அறிவுறுத்தினார்கள். ஹவாலா என்னும் கடன்மாற்றுச் சட்டத்தின் வேர் இதுவே. மூன்றாமவர் ஒருவர் கடனுக்குள் நுழையும் வாயிலை இஸ்லாம் அன்றே திறந்து வைத்திருந்தது.

அந்த மூன்றாமவர் எத்தகையவராக இருந்தார் என்பதற்கும் சான்று உண்டு. கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, கடனை அடைக்க அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை என்றறிந்த நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காது, தோழர்களைத் தொழுமாறு கூறினார்கள். அபூ கதாதா (ரலி) எழுந்து அக்கடன் தம் பொறுப்பு என்றார். அதன் பின்னரே நபியவர்கள் தொழுவித்தார்கள். வெற்றிகளும் செல்வமும் வந்த பிற்காலத்தில், அடைக்க வழியின்றிக் கடனோடு இறக்கும் நம்பிக்கையாளரின் கடனுக்குத் தாமே பொறுப்பு என்று அறிவித்தார்கள். கடனின் கடுமை குறைத்துக் காட்டப்படவில்லை. அதன் சுமை தனி மனிதன் மேல் மட்டும் விடப்படவுமில்லை.

விலையில் காலத்தின் பங்கு

பின்வந்த நூற்றாண்டுகளில் அறிஞர்கள் எதிர்கொண்ட கேள்வி இது: ரொக்கத்துக்குப் பத்து, தவணைக்கு அதனினும் கூடுதல் என்று ஒரு வணிகர் விலை சொல்லலாமா? ஒரு விற்பனைக்குள் இரு விற்பனைகள் தடுக்கப்பட்டுள்ளன என்னும் நபிமொழியை விளக்கும் இமாம் திர்மிதி (மறைவு ஹிஜ்ரி 279), ரொக்கத்துக்குப் பத்து, தவணைக்கு இருபது என்று கூறி, இரண்டில் எது என்று முடிவு செய்யாமலே இருவரும் பிரிந்து செல்வதையே சில அறிஞர்கள் இத்தடையின் பொருளாகக் கொண்டனர் என்கின்றார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து உறுதிசெய்துவிட்டால் குற்றமில்லை என்பது அவர் எடுத்துரைக்கும் விளக்கம். நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்தும் இவ்வழியிலேயே சென்றது. ஹனஃபி அறிஞர் ஸர்கஸி தம் அல்மப்ஸூத் நூலில், கடனுக்கு விற்பதை வணிகர்களின் இயல்பான வழக்கமாகவே கொண்டு பேசுகின்றார்.

இதன் உட்கருத்தை நாம் கவனித்தல் வேண்டும். பேரம் நடக்கும்போது காலத்துக்கு விலையில் ஒரு பங்கு இருக்கலாம். வாங்குபவன் அப்போது சுதந்திரமானவன். விலை கூடுதலென்றால் விலகிச் செல்லலாம். ஒப்பந்தம் முடிந்து கடன் பிறந்துவிட்ட பின்னரோ காலத்துக்கு விலை இல்லை. ஏனெனில் கடன்பட்டவன் விலகிச் செல்ல முடியாதவன். ஒரே நாணயம், ஒரே கூடுதல். முன்னே கேட்டால் வணிகம், பின்னே கேட்டால் ரிபா. வெளிப்பார்வைக்கு முடியிழை போன்ற இந்த வேறுபாட்டின் மேல்தான் தவணை வணிகச் சட்டம் முழுவதும் நிற்கின்றது.

இந்த எல்லை எப்போதும் மதிக்கப்பட்டது என்று கூறிவிட முடியாது. ஒரு பொருளைத் தவணைக்குக் கூடுதல் விலையில் விற்று, அதையே ரொக்கத்துக்குக் குறைந்த விலையில் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஈனா என்னும் உத்தி, பொருளைப் பெயருக்கு நடுவில் வைத்துப் பணத்துக்குப் பணம் கொடுக்கும் வழியாயிற்று. ஷாஃபிஈ மத்ஹபினர் ஒப்பந்தத்தின் புறவடிவை நோக்கி அதனைச் செல்லுமென்றனர். பெரும்பான்மையினர் அதன் நோக்கத்தைக் கண்டு தடுத்தனர். 16ஆம் நூற்றாண்டின் உஸ்மானியப் பேரரசில் பண வக்ஃபுகள் இத்தகைய உத்திகளின் துணையால் கடன் கொடுத்து, வரும் ஆதாயத்தைப் பள்ளிவாசல்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் செலவிட்டன. ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் மக்களின் தேவையைச் சுட்டி அவற்றை ஆதரித்தார். பிர்கிவி அவற்றை வன்மையாக மறுத்தெழுதினார். தேவைக்கும் தூய்மைக்கும் இடையிலான அந்த வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

தையல் இயந்திரம் வந்த வழி

இஸ்தான்புல்லில் அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869க்கும் 1876க்கும் இடையே தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டத்தொகுப்பு, பழைய ஃபிக்ஹு மரபை எண்ணிட்ட விதிகளாக ஒழுங்குபடுத்தியது. விலையைத் தள்ளிவைப்பதும் தவணைகளாகப் பகுப்பதும் செல்லும் என்றது அதன் 245ஆம் விதி. தவணை தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றது 246ஆம் விதி. இவ்விதிகள் எழுதப்பட்ட அதே தலைமுறையில், மேற்குலகின் தவணை முறை ஒரு தையல் இயந்திரத்தின் மேலேறி உலகைச் சுற்றத் தொடங்கியிருந்தது.

சிங்கர் நிறுவனத்தின் பங்காளியான எட்வர்ட் கிளார்க் 1856இல் வாடகைக் கொள்முதல் முறையைக் கொண்டுவந்தார். சாதாரணக் குடும்பம் ஒரே தடவையில் வாங்க முடியாத விலையுடைய இயந்திரத்தைச் சிறு முன்பணம் தந்து வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம். மாதந்தோறும் வாடகையாகச் செலுத்தி வந்தால் முடிவில் அது சொந்தமாகும். உஸ்மானிய நிலங்களிலும் அந்நிறுவனத்தின் முகவர்கள் தவணைக்கு விற்றனர். 1877இல் இலங்கைக்கும் வந்து சேர்ந்த அந்த இயந்திரம், வீட்டை விட்டு வெளியே சென்று பொருளீட்ட இயலாத பெண்கள் பலருக்கு வருவாய் தந்த கருவியாயிற்று. தவணை முறை செய்த நன்மையை மறுப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

வாடகைக் கொள்முதலுக்கும் மஜல்லாவின் தவணை விற்பனைக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு இருந்தது. ஃபிக்ஹுச் சட்டப்படி விற்றவுடன் பொருள் வாங்கியவருக்குச் சொந்தம். விற்றவருக்கு எஞ்சுவது கடன் மட்டுமே. வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை வரையில் பொருள் விற்றவருடையது. ஒரு பியானோவைப் பற்றிய வழக்கில் 1895இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை, 36 மாதத் தவணையில் எடுத்தவர் வாங்கியே தீரவேண்டிய கட்டாயம் இல்லாதவர் என்பதால் பொருள் இன்னும் கடைக்காரருக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. விற்பனையாளர்களுக்கு இது பேராயுதமாயிற்று. பெரும்பகுதி செலுத்தி முடித்த குடும்பம் ஓரிரு தவணைகள் தவறியவுடன் அறைகலன்களை வாரிக்கொண்டு போவதும், செலுத்திய பணம் முழுதும் மூழ்கிப்போவதும் வழக்கமாயின. எலன் வில்கின்சன் என்னும் நாடாளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் நிறைவேறிய 1938ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம், விலையில் மூன்றில் ஒரு பங்கு செலுத்தப்பட்ட பிறகு நீதிமன்ற ஆணையின்றிப் பொருளைப் பறிக்கலாகாது என்று தடுத்தது. இங்கும் சட்டம் தலையிட வேண்டி வந்தது தவணை தவறிய நாளிலேயே என்பதை நாம் காண்கிறோம்.

கடையில் காத்திருந்த பொருள்

அமெரிக்காவில் 1930களின் பெருமந்தக் காலத்தில் லேஅவே என்னும் வேறொரு முறை வேரூன்றியது. வாங்க விரும்பும் பொருளைக் கடைக்காரர் தனியே எடுத்துவைப்பார். வாடிக்கையாளர் சிறுகச் சிறுகப் பணம் கட்டி, முழுத் தொகையும் சேர்ந்த பின் பெற்றுச் செல்வார். ஒரு சிறு சேவைக் கட்டணம் மட்டும் உண்டு. இயலாமற் போனால் கட்டணம் போக மற்றத் தொகை திரும்பக் கிடைக்கும். வாங்குபவர் கடன்பட்டவராவதே இல்லை. காத்திருக்கும் சுமை மட்டுமே அவருடையது.

ஃபிக்ஹு நூல்களில் இதற்கு நெருங்கிய உறவாக உர்பூன் என்னும் முன்பண விற்பனையைச் சொல்லலாம். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆளுநரான நாஃபிஉ இப்னு அப்துல் ஹாரிஸ், மக்காவில் சிறைச்சாலைக்காக ஸஃப்வான் இப்னு உமையாவின் வீட்டை 4,000க்கு இவ்வகையில் வாங்கினார். முன்பணத்தை விற்பவரே வைத்துக்கொள்வது குறித்துப் பெரும்பான்மை மத்ஹபுகள் தயங்கின, ஹன்பலிகள் ஏற்றனர். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 1993இல் காலவரையறையுடன் இதனை அனுமதித்தது.

வால்மார்ட் நிறுவனம் 2006ஆம் ஆண்டின் இறுதியில் லேஅவே முறையை நிறுத்தியது. பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2011இல் பண்டிகைக் காலத்துக்கென மீண்டும் கொண்டுவந்தது. 2019இல் அஃபர்ம் என்னும் நிதி நிறுவனத்துடன் இணைந்து கடன் தவணை முறையைத் தொடங்கி, 2021இல் லேஅவேயைக் கைவிட்டது. 2025 மார்ச்சில் அந்த இடம் கிளார்னா நிறுவனத்துக்குச் சென்றது. 3 மாதம் முதல் 36 மாதம் வரையிலான அக்கடன்களுக்கு ஆண்டு வட்டி 10 முதல் 36 விழுக்காடு வரை என்று அப்போது செய்தி வெளியாயிற்று. காத்திருந்து வாங்குபவருக்கு இருந்த இடம் மறைந்தது. கடன்பட்டு வாங்குபவருக்கு இடம் விரிந்தது. ஒரே கடையில் பதினைந்து ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த இம்மாற்றம், வணிக உலகம் எத்திசையில் செல்கின்றது என்பதைத் தெளிவாகவே காட்டுகின்றது.

நான்கு தவணைகளின் உள்ளமைப்பு

வட்டியுள்ள நீண்டகாலக் கடனைப் பற்றி நாம் அதிகம் ஆராய வேண்டியதில்லை. அதன் நிலை வெளிப்படையானது. ஆராய்ச்சிக்குரியது வட்டியில்லை என்று சொல்லப்படும் குறுகியகாலத் தவணை முறையே. ஸ்டாக்ஹோமில் 2005இல் தொடங்கிய கிளார்னா, பொருள் கைக்கு வந்தபின் பணம் செலுத்தும் வசதியை இணைய வணிகத்தில் வளர்த்தது. 2014இல் ஆஸ்திரேலியாவில் தோன்றிய ஆஃப்டர்பே, இரு வாரங்களுக்கு ஒன்றாக நான்கு சம தவணைகள் என்னும் அமைப்பைப் பரப்பியது. 2019இல் துபாயில் தாபியும் 2020இல் ஸவூதியில் தமாராவும் அரபுலகுக்கு இதனைக் கொண்டுவந்தன.

இதில் மூவர் உளர். வாடிக்கையாளர் முதல் தவணையைச் செலுத்திப் பொருளைப் பெறுகின்றார். தவணை நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு முழு விலையையும் கடைக்காரருக்கு உடனே தந்துவிடுகின்றது. எஞ்சிய தவணைகளை அது வாடிக்கையாளரிடம் வசூலிக்கின்றது. கடைக்காரர் தரும் கட்டணமும், தவறியவர் தரும் அபராதமும் நிறுவனத்தின் வருவாய்.

இந்த அமைப்பை ஃபிக்ஹுக் கண்ணோட்டத்தில் எவ்வாறு பெயரிடுவது என்பதில் இக்கால அறிஞர்கள் வேறுபடுகின்றனர். நிறுவனம் வாடிக்கையாளருக்குக் கொடுப்பது கடன், கடைக்காரர் தருவது வாடிக்கையாளரைக் கொண்டுவந்ததற்கான தரகுக் கூலி என்று கொள்வோர் இதில் தடை காணவில்லை. கடைக்காரருக்கு வரவேண்டிய கடனை நிறுவனம் குறைந்த தொகைக்கு வாங்குகின்றது என்று கொண்டால் அது உண்டியலைக் கழிவுக்கு மாற்றுவதை ஒத்ததாகிவிடும். வணிக உண்டியல்களைக் கழிவுக்கு மாற்றுவது ரிபா என்று ஃபிக்ஹு அகாதமி 1992இல் தீர்மானித்துள்ளது. நிறுவனமே பொருளை வாங்கித் தவணை விலைக்கு விற்கும் முராபஹா வழியே ஐயமற்றது என்போரும் உளர். ஆகவே, வட்டி இல்லை என்னும் விளம்பரச் சொல்லொன்றைக் கொண்டு எதனையும் முடிவு செய்துவிட இயலாது. ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படித்தே ஆகவேண்டும்.

வெளிப்படைத்தன்மையைப் பொறுத்த வேறொரு கேள்வியும் உண்டு. திர்மிதியின் எடுத்துக்காட்டில் ரொக்க விலையும் தவணை விலையும் வாங்குபவர் கண்முன் வெவ்வேறாக நின்றன. இங்கே இரண்டும் ஒன்றே. கடைக்காரரின் கட்டணச் செலவு பொதுவிலையில் கலந்துவிடுகின்றது. ஆஸ்திரேலியாவில் இத்தகைய நிறுவனங்கள் அக்கட்டணத்தைத் தவணை வாடிக்கையாளரிடம் தனியே கேட்கலாகாது என்று கடைக்காரர்களைக் கட்டுப்படுத்தின. அத்தடை நீங்குவதே பொதுநலம் என்று அந்நாட்டின் மத்திய வங்கி 2021இல் கருத்துரைத்தது. ரொக்கம் தரும் ஏழை வாடிக்கையாளரும் பிறருடைய தவணையின் செலவைத் தாமறியாமலே சுமக்கின்றார் என்பதே இதன் பொருள். இந்தியாவிலும் பூச்சிய வட்டித் தவணைத் திட்டங்கள் நெடுங்காலம் விளம்பரம் செய்யப்பட்டன. அவற்றில் வட்டி பெரும்பாலும் பரிசீலனைக் கட்டணமாக உருமாற்றி மறைக்கப்படுவதைச் சுட்டி, 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அத்தகைய திட்டங்களை வங்கிகளுக்குத் தடைசெய்தது. பூச்சியம் என்னும் எண்ணுக்குப் பின்னால் யார் எவ்வளவு தருகின்றார் என்று கேட்பது வெறும் ஐயவாதமன்று. விலை தெளிவாக இருக்க வேண்டும் என்னும் ஃபிக்ஹுச் சட்டத்தின் முதற்கேள்வி அது.

தவறிய நாள்

இனி நாம் தொடக்கத்தில் குறித்த நாளுக்கு வருவோம். தவணை தவறியவரிடம் அபராதம் வசூலிப்பது இம்முறையில் பரவலான வழக்கம். ஆஃப்டர்பே தன் அபராதத்துக்குப் பொருள் விலையின் நான்கில் ஒரு பங்கை உச்சவரம்பாக வைத்திருந்தது. தொடக்க ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் வருவாயில் அபராதம் கணிசமான பங்காக இருந்தது. குறித்த நாளில் செலுத்துபவருக்கு இலவசமாகத் தோன்றும் ஒரு வசதி, செலுத்த இயலாதவரின் பணத்தாலும் நடத்தப்படுகின்றது. ஜாஹிலிய்யா காலத்துக் கடன்காரன் கேட்ட கேள்வி, இன்று ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துக்களில் முன்கூட்டியே அச்சிடப்பட்டுவிட்டது.

இதன் மீது ஃபிக்ஹு அகாதமியின் நிலைப்பாடு ஐயத்துக்கு இடமற்றது. 1990 மார்ச்சில் ஜித்தாவில் கூடிய ஆறாம் அமர்வின் 51ஆம் தீர்மானம், தவணை விலை ரொக்க விலையினும் கூடுதலாக இருக்கலாம் என்று அனுமதித்தது. குறித்த நாளில் செலுத்தாவிடில் கடனுக்கு மேல் எந்தக் கூடுதலையும் விதிக்கலாகாது என்றது. அதனை முன்கூட்டியே நிபந்தனையாக்கியிருந்தாலும் அது ரிபாவே என்றது. விற்ற பிறகு பொருளின் உரிமையை விற்றவர் தம்மிடமே நிறுத்திக்கொள்ளலாகாது, அடமானமாகப் பெறலாம் என்றும் அது விளக்கியது. வாடகைக் கொள்முதலின் நூற்றாண்டுத் துயரத்துக்கு அந்த ஒரு வாசகத்தில் விடையிருக்கின்றது.

வசதியிருந்தும் ஏமாற்றுபவரை என்செய்வது என்னும் கேள்விக்கு, பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்டு இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான நெறிமுறைகளை வகுக்கும் அயோஃபி அமைப்பு ஒரு வழி கண்டது. தாமதித்தால் இவ்வளவு தர்மம் செய்வேன் என்று கடன்பட்டவர் உறுதியளிக்கலாம். அத்தொகை கடன் கொடுத்தவரின் வருவாயில் சேராமல் அறப்பணிக்குச் செல்ல வேண்டும். தாமதத்தைத் தடுக்கும் தண்டனை இருக்கும். தாமதத்தால் இலாபம் இராது. கொடுத்தவர் மற்றவரின் தவறுக்காகக் காத்திருக்கும் நிலை ஒழியும். ஆயினும், நெருக்கடியால் தவறியவருக்கும் ஏமாற்றுபவருக்கும் இந்த அபராதம் ஒன்றுபோல் விழுமானால் 280ஆம் வசனம் அங்கே பின்பற்றப்படவில்லை என்பதே நம் கருத்து. பல ஆயிரம் பேரிடம் கணினி வாயிலாக வசூல் செய்யும் நிறுவனம், ஒருவருடைய வீட்டில் நோயா, வேலையிழப்பா என்று எவ்வாறு அறியும்? கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் முகம் தெரிந்திருந்த காலத்தில் அவகாசம் எளிதாக இருந்தது. முகமறியா மூன்றாமவர் நடுவே வந்தபின் அதனை விதியாக எழுதிவைத்தாலன்றி அது கிடைக்கப்போவதில்லை.

எழுதப்படாத கடன்

எழுதுமாறு கட்டளையிட்ட வசனத்தின் ஆழம் இப்போது புதிதாகப் புலப்படுகின்றது. இச்சிறு தவணைகள் பல நாடுகளில் நெடுங்காலம் கடன் பதிவேடுகளில் ஏறவில்லை. ஒருவர் எத்தனை நிறுவனங்களிடம் எத்தனை தவணைகளுக்கு உட்பட்டிருக்கின்றார் என்பதைக் கடன் கொடுப்போர் அறிந்திலர். பலவேளைகளில் அவரே அறிந்திலர். 2021, 2022ஆம் ஆண்டுகளின் கணக்குகளை ஆராய்ந்து அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வகைக் கடனாளிகளுள் 63 விழுக்காட்டினர் ஆண்டின் ஏதேனும் ஒரு வேளையில் ஒன்றுக்கு மேற்பட்ட கடன்களை ஒருங்கே கொண்டிருந்தனர். 33 விழுக்காட்டினர் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடம் கடன்பட்டிருந்தனர். திருமறை வகுத்த முறையில் கடன்பட்டவன் தன் வாயால் தன் கடனைச் சொல்கின்றான். சொல்லும்போது அதன் அளவை அவன் காதுகள் கேட்கின்றன. விரலின் ஒரு தொடுகையில் முடிந்துவிடும் ஒப்பந்தத்தில் அவன் சொல்வதுமில்லை, கேட்பதுமில்லை.

அரசுகள் காலந்தாழ்த்தியேனும் இதனைச் சீர்செய்ய முற்பட்டுள்ளன. ஸவூதி மத்திய வங்கி 2023 டிசம்பரில் இந்நிறுவனங்களுக்கான விதிகளை வெளியிட்டது. ஆஸ்திரேலியா 2025 ஜூன் 10 முதல் இவற்றைக் கடன் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. பிரிட்டன் 2025இல் சட்டமியற்றி, அது அமலாகும் நாளாக 2026 ஜூலை 15ஐக் குறித்தது. அமெரிக்காவோ 2024இல் வெளியிட்ட விளக்க விதியை அடுத்த ஆண்டே விலக்கிக்கொண்டது. சட்டங்கள் வரும், போகும். நம்மளவில் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் அவற்றை எதிர்பார்த்து நிற்க வேண்டியவை அல்ல.

நம் முன் உள்ள கடமை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, பெருவணிகக் கடையில் தவணைக்கு வாங்க விழையும் ஒரு முஸ்லிம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் எழுகின்றன. விலை இன்னதென்று பிரியுமுன் உறுதியாகிவிட்டதா? தவணை தவறினால் தொகை கூடும் என்னும் நிபந்தனைக்கு ஒப்பமிடுகின்றோமா? ஒருபோதும் தவறமாட்டேன் என்னும் உறுதியின் பேரில் அந்நிபந்தனையை ஏற்பது கூடுமா என்று மார்க்க அறிஞரிடம் கேட்டறிந்தோமா? இருக்கின்ற தவணைகளோடு இதனையும் சேர்த்து ஓரிடத்தில் எழுதிப் பார்த்தோமா? கவசத்தை அடமானம் வைத்து வாங்கப்பட்டது வீட்டுக்கு வேண்டிய வாற்கோதுமை. நாம் வாங்கவிருப்பது அத்தகையதா?

இக்கேள்விகள் தனி மனிதருக்கு உரியவை. சமுதாயத்துக்குரிய கேள்வி இன்னொன்று உண்டு. ஸகாத் பெறுதற்குரிய எட்டு வகையினருள் கடனில் மூழ்கியோரையும் அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் சேர்த்துள்ளது. நம் ஊர்களின் ஜமாஅத்துகள் பல பைத்துல் மால் அமைத்து வட்டியில்லாக் கடன் வழங்கிவருகின்றன. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்திலும் பெருநாள் நெருங்கும் நாட்களிலும் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய சிறுதொகையை அவை தந்துவிடுமாயின், அக்குடும்பம் நான்கு தவணைகளின் வாசலில் போய் நிற்க வேண்டிய தேவை குறையும். தவணை தவறிவிட்ட ஒருவர் ஜமாஅத்தின் முன் வந்து தம் நிலையை நாணமின்றிச் சொல்லவும், அபூ கதாதா (ரலி) எழுந்ததைப் போல அங்கே ஒருவர் எழுந்து நிற்கவும் வழி அமைத்துத் தருவது, கூடுமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வதோடு நின்றுவிடாத நம் கடமையாகும்.